பிணை யாரு? கேகாலையில் ஒரு வங்கியும் கலவானையில் ஒரு கொப்பியும்

கலவான பக்கத்துத் தோட்டம் ஒன்றில், மூன்றாம் காம்பராவில் இருக்கிற மாமியிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. உள்ளே பதினைந்து பெயர். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் மாதத்துக்கு ஒரு புள்ளடி. சம்பளம் போட்ட மறுநாள் சாயங்காலம் மாமி கொப்பியைத் திறப்பார். எல்லாரும் காசைப் போடுவார்கள். துண்டுக் கடதாசியில் பெயர் எழுதி, சுருட்டி, ஒரு சின்னப் பிள்ளையைக் கொண்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். பெயர் விழுந்தவருக்கு அந்த மாசத்துச் சீட்டு. அந்தக் காசில் கூரைத் தகரம் மாறியிருக்கிறது, சடங்கு நடந்திருக்கிறது, பிள்ளைகள் ஏ.எல். டியூஷன் போயிருக்கிறார்கள்.

"இத்தனை வருசத்துல யாராச்சும் சீட்ட எடுத்துட்டு ஓடிருக்காங்களா மாமி?" என்று கேட்டோம்.

"எங்க ஓடுறது? விடிஞ்சா பெரட்டுல நிக்கணுமே" என்றார்.

எங்களில் ஒருவர் கம்பஸ் கிடைத்த வருடம், லெப்டொப் வாங்கக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனார். எந்த வங்கி என்பது இங்கே முக்கியமில்லை. நிரந்தரச் சம்பளம் உள்ள இரண்டு பிணையாளர் வேண்டும் என்றார்கள். வீட்டு உறுதி கேட்டார்கள். வீட்டு இலக்கம் கேட்டார்கள். லயத்துக்கு உறுதி கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஒஃபிசுக்குத்தான் வரும். அவருடைய அம்மா பன்னிரண்டு வருடமாக ஒரு மாதமும் தவறாமல் சீட்டுக் கட்டியவர் என்பதை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

"பிணை யாரு?" அந்தக் கேள்வியோடுதான் நாங்கள் வரலாற்றுப் புத்தகங்களைத் திறந்தோம். எங்கள் சப்ரகமுவ மாகாணத்திலேயே, கேகாலையில், இதே கேள்விக்கு வேறொரு பதில் சொன்ன ஒருவர் இருந்திருக்கிறார். கிராமத்துக் கடன் சங்கம் ஒன்றில் தொடங்கி ஒரு வங்கியின் தலைவராக வந்த பி. ஏ. கிரிவந்தெனிய. அவருடைய கதையையும், அது நடந்துகொண்டிருந்தபோது எங்கள் பக்கம் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம்.

துண்டு

முதலில் எங்கள் பக்கம். 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கட்டி வந்தவர் கங்காணி. வழிச்செலவு, சாப்பாடு, ஊரில் இருந்த பழைய கடன் எல்லாவற்றுக்கும் அவர்தான் முற்பணம் கொடுத்தார். கொடுத்ததெல்லாம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறியது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், இவ்வளவு பணம் கட்டினால் இந்த ஆட்களை விடுவோம் என்று பழைய தோட்டம் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கும். அதன் பெயர்தான் 'துண்டு'. புதிய தோட்டம் அந்தப் பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். ஆள் மாறும், தோட்டம் மாறும், கடன் மட்டும் கூடவே வரும். 1921 இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

இதைப் படிக்கும்போது வட்டி எவ்வளவு என்றுதான் முதலில் தேடினோம். அதைவிடப் பெரிய விஷயம் வேறு ஒன்று. கடன் வாங்கியவரின் பெயரில் பேசுகிற உரிமை அவரிடம் இருக்கவில்லை. இவர் நல்லவர், இவரை நம்பலாம், இவருக்கு இவ்வளவு கொடுக்கலாம் என்று சொல்லும் வாய் கங்காணியுடையது. அவருக்கு மேலே துரையுடையது. பக்கத்துக் காம்பராக்காரரின் வார்த்தைக்கு அங்கே விலை கிடையாது.

வங்கி மலையகத்துக்கு வராமல் இல்லை. 1888 இலேயே ஹட்டனில் ஹட்டன் பேங்க் தொடங்கிவிட்டது. ஆனால் அது தோட்டத் துரைமாரின் தேவைக்காகத் தொடங்கிய வங்கி. கொழுந்து எடுத்தவர்கள் அதன் வாடிக்கையாளர்கள் இல்லை. உள்நாட்டு வியாபாரிகளுக்கே கடன் கிடைப்பது கஷ்டமாக இருந்த காலம் அது. அதை விசாரிக்க 1934 இல் சொராப்ஜி பொச்கானாவாலா தலைமையில் ஒரு வங்கி ஆணைக்குழு வந்தது. 1939 இல் இலங்கை வங்கி, 1961 இல் மக்கள் வங்கி. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. லயத்துப் பக்கக் கதவு கடைசி வரிசையில் இருந்தது.

ஜெர்மனியிலிருந்து தெல்தெனிய வரை

வேறொரு வகை வங்கியும் உலகத்தில் இருந்தது. ஜெர்மனியில் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் என்ற நகரத் தலைவர், 1864 இல் ஹெடெஸ்டோர்ஃப் என்ற ஊரில் ஒரு கடன் சங்கம் அமைத்தார். யோசனை எளிது. ஏழை விவசாயிக்குச் சொத்து இல்லை, ஆனால் அவரைத் தெரிந்த அயலவர்கள் இருக்கிறார்கள். அந்த அயலவர்கள் சேர்ந்து சேமிக்கட்டும், சேர்ந்து கடனுக்குப் பொறுப்பேற்கட்டும். யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று வெளியூர் அதிகாரியைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இந்த யோசனை எங்கள் திசைக்கு வந்த வழி சுவாரஸ்யமானது. சென்னை மாகாண அரசு, ஃபிரெடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவின் விவசாயக் கடன் முறைகளை ஆராய அனுப்பியது. 1890களில் அவர் கொடுத்த அறிக்கை ரைஃபைசனின் வழியைத்தான் சிபாரிசு செய்தது. 1904 இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருடம் திருவள்ளூர்ப் பக்கம் திரூரில் ஒரு சங்கம் பிறந்தது. இலங்கையில் 1906 இல் தெல்தெனியவில் முதல் கடன் சங்கம். 1911 இல் இங்கேயும் சட்டம்.

தமிழில் இதைச் 'சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம்' என்பார்கள். சிங்களத்தில் இதே பொருள் தரும் பெயரின் எழுத்துகளைச் சேர்த்தால் வருவதுதான் 'சணச'. கலவான டவுனில் இந்தப் பெயரைப் பலகையில் பார்த்துவிட்டு, ஏதோ ஒரு ஆளின் பெயர் என்று சின்ன வயதில் நாங்கள் நினைத்ததுண்டு.

வல்கமவில் ஒரு கூட்டம்

1970கள் வந்தபோது இந்தச் சங்கங்கள் சோர்ந்து போயிருந்தன. அரசு, பொருள் விற்கிற பெரிய பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்களைத்தான் தூக்கிப் பிடித்தது. மீதமிருந்த சின்னக் கடன் சங்கங்கள் பல, ஊரில் கொஞ்சம் வசதியும் வயதும் உள்ளவர்களின் கையில் இருந்தன.

கேகாலை மாவட்டத்தில் ஹெட்டிமுல்லவுக்குப் பக்கத்தில் வல்கம என்ற கிராமம். அங்கேயும் ஒரு பழைய சங்கம் இருந்தது. சர்வோதய இயக்கத்தில் வேலை செய்து அனுபவப்பட்ட கிரிவந்தெனிய அந்தச் சங்கத்தைக் கையிலெடுத்தார். 1978 இல் வல்கமவிலிருந்துதான் சங்கங்களைத் திரும்ப உயிர்ப்பிக்கும் வேலை தொடங்கியது.

அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருந்ததைத் திறந்துவிட்டார். பெண்களும் இளைஞர்களும் வறியவர்களும் உள்ளே வரலாம் என்றார். சேமிப்பு மட்டும் போதாது, தொழிலுக்கும் அவசரத்துக்கும் கடன் கொடுக்க வேண்டும் என்றார். உறுப்பினர் கூடுவார்கள், கணக்கு எல்லார் முன்னாலும் வரும், கடன் கேட்கிறவருக்குச் சக உறுப்பினர்களே பிணை நிற்பார்கள். எல்லாவற்றையும் கொழும்பிலிருந்து ஒருவர் நடத்தாமல் இருக்க மூன்று படி வைத்தார்கள். கீழே ஊர்ச் சங்கம், நடுவில் மாவட்ட ஒன்றியம், மேலே தேசிய சம்மேளனம். சம்மேளனம் 1980 இல் அமைந்தது. 90களின் தொடக்கத்தில் ஏழாயிரம் சங்கங்கள், ஏழு லட்சம் உறுப்பினர்கள் என்ற அளவுக்கு இயக்கம் வளர்ந்திருந்தது.

1997 இல் இந்தச் சங்கங்களின் பணத்தில் சணச அபிவிருத்தி வங்கி பிறந்தது. கிரிவந்தெனிய அதன் ஸ்தாபகத் தலைவர். அதற்கு முன்னமே காப்புறுதி நிறுவனம் ஒன்று வந்துவிட்டது. பிறகு கேகாலையில் ஒரு உயர்கல்வி நிறுவனமும் வந்தது. ஒரு வங்கித் தலைவரின் வாழ்க்கை வழக்கமாக கிளார்க், மேனேஜர், தலைமையகம் என்று ஏறும். இவருடையது ஊர்க் கூட்டத்தில் போட்ட பாயிலிருந்து ஏறியது. அதனால்தான் நாங்கள் இவரை எழுத எடுத்தோம்.

குறையையும் சொல்ல வேண்டும். 80களில் பிரேமதாச பிரதமராக இருந்தபோது பத்து லட்சம் வீட்டுத் திட்டம் வந்தது. அரசின் கடனைக் கிராமத்துக்குக் கொண்டு போகிற வழியாக இந்தச் சங்கங்களும் ஆயின. உறுப்பினர் தொகை ஏறியது உண்மை. ஆனால் நாம் சேர்த்த காசு என்றால் திருப்பிக் கட்டாதவரைப் பக்கத்து வீட்டுக்காரரே கேட்பார். அரசாங்கத்துக் காசு என்றால் யார் கேட்பார்? சேமிக்க வந்தவர்களோடு கடனுக்காக மட்டும் வந்தவர்களும் கலந்தார்கள். அறவிடுவது கஷ்டமாகியது. வங்கி வந்த பிறகு வேறொரு இழுபறி. மத்திய வங்கியின் விதி, மூலதனம், 2012 இல் பங்குச் சந்தை. பாயில் உட்கார்ந்து பேசியவர்களுக்கும் பங்கு வாங்கியவர்களுக்கும் ஒரே நிறுவனம் பதில் சொல்ல வேண்டி வந்தது. நாங்கள் இதைத் துரோகம் என்று சொல்லவில்லை. சிறியது பெரியதாகும்போது வருகிற விலை இது.

அந்த வருடங்களில் எங்கள் பக்கம்

இப்போது இரண்டு கதையையும் பக்கத்தில் வைப்போம். கேகாலையும் இரத்தினபுரியும் ஒரே மாகாணம்.

வல்கமவில் கூட்டம் கூடிய வருடம் 1978. அதற்கு முந்தின வருடம், 1977 ஒகஸ்டில், நாடு முழுக்கத் தமிழர்மேல் வன்முறை நடந்தது, தோட்டங்களும் தப்பவில்லை. 1981 ஒகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. பிறகு 1983. சப்ரகமுவவிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி என்று போய்விட்டன. எங்கள் வீடுகளில் இதைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள். "அந்தக் கலவரத்துல" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, "சரி, தேத்தண்ணி குடிங்க" என்று முடித்துவிடுவார்கள்.

ரைஃபைசன் முதல் கிரிவந்தெனிய வரை எல்லாரும் நம்பியது ஒன்றைத்தான். அயலவர் அடுத்த வருடமும் இங்கே இருப்பார், நானும் இருப்பேன். சேமிப்புக்கு அது போதும். எங்கள் ஆட்களுக்கு அந்த நம்பிக்கையே இல்லாமல் இருந்தது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பாலானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. ஒரே லயத்தில் ஒரு காம்பரா போகும், அடுத்த காம்பரா நிற்கும். கப்பலுக்குப் பெயர் வருமா என்று காத்திருக்கிறவர் யாரோடு சேர்ந்து பத்து வருடத்துக்குச் சேமிப்பார்? பிரஜாவுரிமைப் பிரச்சினையைத் தீர்க்க 2003 இலும் ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது.

தேடும்போது எங்களைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்த தகவல் ஒன்று. 1969 இல் சென்னையில் ரெப்கோ வங்கி தொடங்கியது. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பியவர்களுக்கான கூட்டுறவு வங்கி அது. அவர்களே அதன் உறுப்பினர்கள். அதாவது, எங்கள் தாத்தாமாரின் கூடப்பிறந்தவர்கள் கப்பலேறியபோது, போன இடத்தில் அவர்கள் பெயரில் ஒரு வங்கி இருந்தது. அங்கே அவர்கள் பட்ட கஷ்டம் எங்களுக்குத் தெரியும், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இங்கேயே நின்றவர்களுக்கு அப்படி ஒன்றுமில்லை.

இன்னொரு தடை சட்டத்துக்குள் ஒளிந்திருந்தது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு. அதனால் பிரதேச சபை தன் நிதியைத் தோட்டத்துக்குள் செலவழிக்க முடியாமல் இருந்தது. தோட்டத்து மக்கள் வாக்குப் போடலாம், உறுப்பினரைத் தெரிவு செய்யலாம், ஆனால் அந்த உறுப்பினர் லயத்துப் பாதைக்குக் கல்லுப் போட முடியாது. 2018 இல்தான் அது திருத்தப்பட்டது. கிராமம் என்று அரசு எதை எண்ணியதோ அதில் தோட்டம் சேரவில்லை. கிராமத்தை அடிப்படையாக வைத்து எழுந்த இயக்கம் எங்கள் லயங்களில் கிராமத்தைப் போல வேர் பிடிக்காததற்கு, ஒரு தனி மனிதரைக் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை.

குழுக் கடன் என்ற பெயரில்

ஹட்டனில் துரைமாருக்காகத் தொடங்கிய வங்கி 1970 இல் ஹட்டன் நெஷனல் வங்கி ஆகியது. 1989 இல் அது 'கெமி புபுதுவ' என்று ஒரு சிறுகடன் திட்டத்தைக் கிராமங்களுக்குக் கொண்டு போனது. வேலையில்லாத கிராமத்து இளைஞர்களின் கிளர்ச்சி இரத்தத்தில் முடிந்துகொண்டிருந்த நேரம். அப்போது வங்கிக்குத் தலைமை தாங்கிய ரியென்சி விஜேதிலகவின் பெயர் இந்த முயற்சியோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. வாடிக்கையாளர் கிளைக்கு வரட்டும் என்று காத்திருக்காமல் வங்கி ஊழியர் ஊருக்குப் போனார். கூட்டுறவு இல்லை, முழுக்க ஒரு வணிக வங்கிதான். ஆனாலும் ஆளைத் தெரிந்துகொண்டு கடன் கொடுக்கலாம் என்பதை அதுவும் ஒப்புக்கொண்டது.

அதற்குப் பிறகு வந்த நுண்கடன் கம்பனிகளை உங்களுக்குத் தெரியும். மோட்டார் சைக்கிள், கையில் ஃபைல், கிழமைக்குக் கிழமை சென்டர் மீட்டிங். அங்கேயும் 'குழு' உண்டு, அங்கேயும் ஒருவருக்கு மற்றவர் பிணை. பார்த்தால் வல்கம மாதிரியே இருக்கும். ஆனால் காசு குழுவுடையது இல்லை, வட்டியைக் குழு தீர்மானிப்பதில்லை, இலாபம் குழுவுக்கு வருவதில்லை. குழுவுக்கு மிஞ்சியது பக்கத்து வீட்டுக்காரியை நெருக்கிக் காசு வாங்கிக் கொடுக்கிற வேலை மட்டும். கடன் தொல்லை எந்த அளவுக்குப் போனதென்றால், 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசே நிவாரணம் அறிவித்தது. வட்டிக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்று மத்திய வங்கி உச்சவரம்பு போட்டதும் அந்தச் சமயத்தில்தான். உச்சவரம்பே 35 என்றால், அதற்கு முன் எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

எங்களுக்கு இந்த வித்தியாசம்தான் முக்கியமாகத் தெரிகிறது. பிணை நிற்கிறவருக்குக் கணக்கைப் பார்க்கவும், வேண்டாம் என்று சொல்லவும் உரிமை இருந்தால் அது சங்கம். அந்த உரிமை இல்லாமல் பிணை மட்டும் நிற்கச் சொன்னால், அது 1921 இல் ஒழித்ததாகச் சொன்ன துண்டின் பேரப்பிள்ளை.

கொப்பிக்குத் திரும்பி

கலவானையில் மழை பெய்தால் எப்படிப் பெய்யும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2003 மே, 2017 மே இரண்டும் நினைவிருக்கும். மண் சரிந்து பாதை அறுந்தால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. அந்தக் கிழமை ஒரு வீட்டுக்குத் தேவைப்படுவது ஐயாயிரம் ரூபாதான். ஆனால் அன்றைக்கு ராத்திரியே தேவை. மாமியின் சீட்டு அதற்கு உதவாது, ஏனென்றால் இந்த மாசத்துக் காசு ஏற்கெனவே ஒருவருக்குப் போய்விட்டது. சீட்டில் காசு சுற்றும், தேங்காது. வருடம் முடிந்தால் கொப்பியில் மிச்சம் பூச்சியம்.

சங்கத்தில் காசு தேங்கும். சீட்டுப் போடுகிற அதே பதினைந்து பேர் மாதம் நூறு ரூபா தனியாக ஒதுக்கினால் வருடத்துக்கு 18,000. பெரிய தொகை இல்லை. ஆனால் அது அவர்களுடைய தொகை. மழை நாளில் மூன்று வீட்டுக்கு ஐயாயிரம் கொடுக்கப் போதும். பதிவு செய்த சங்கமாக வளர்ந்தால் கணக்குப் பரிசோதனை வரும். மாமியின் பன்னிரண்டு வருட ஒழுங்கு, வங்கி படிக்கக்கூடிய ஒரு தாளில் ஏறும்.

இதை மாமியிடமே போய்ச் சொன்னோம். கிரிவந்தெனிய, வல்கம, ஏழாயிரம் சங்கம் எல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். பிறகு மூன்று கேள்வி கேட்டார்.

"படிவமெல்லாம் தமிழ்ல இருக்குமா? கணக்கு யாரு எழுதுறது, நான் எட்டாம் வகுப்புதானே? நாளைக்கு இது பெருசாச்சுன்னா, தொழிற்சங்கத்து ஆளு வந்து தலைவர் கதிரையில குந்திக்க மாட்டாரா?"

மூன்றும் நல்ல கேள்வி. கிரிவந்தெனியவின் இயக்கமே மூன்றாவது கேள்வியின் ஏதோ ஒரு வடிவத்தோடு மல்லுக்கட்டியதுதான். முதல் இரண்டுக்கும் நாங்கள் பதிலாக இருக்க முடியும். எங்களில் இருவர் கணக்கியல் படித்தவர்கள், ஒருவருக்குச் சிங்களம் நன்றாக வரும். கூட்டுறவு அபிவிருத்தி திணைக்களத்துக்குப் போய் என்ன படிவம், எத்தனை உறுப்பினர் வேண்டும் என்று கேட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறோம்.

மாமி உடனே சரி என்று சொல்லவில்லை. "அடுத்த சம்பளத்தன்னைக்கு எல்லாரும் இருப்பாங்க, அப்ப வந்து அவங்க முன்னாடி சொல்லுங்க" என்றார். கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, எங்கள் பெயரையும் வருகிற திகதியையும் எழுதிக்கொண்டார். வராவிட்டால் கேட்பார்.